வாசலில் நின்றவர், கலிமா சொன்னவர், சான்றிதழ் வாங்கியவர்

2025 நவம்பர் 25 அன்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் ஒரு ராணுவ அதிகாரியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. தலைமை நீதிபதி சூர்ய காந்த், நீதிபதி ஜாய்மால்யா பாக்சி ஆகியோரின் அமர்வு அது. அதிகாரியின் பெயர் சாமுவேல் கமலேசன். 2017-ல் லெப்டினன்டாகச் சேர்ந்து, 3-வது கேவல்ரி ரெஜிமெண்டில் சீக்கிய வீரர்கள் நிறைந்த ஸ்குவாட்ரனில் பொறுப்பேற்றவர். ரெஜிமெண்டுக்குள் ஒரு கோயிலும் ஒரு குருத்வாராவும் இருந்தன. வாரந்தோறும் அதிகாரிகளும் வீரர்களும் அணிவகுத்துப் போய் வழிபடுவது வழக்கம்.

கமலேசன் அணிவகுப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. செருப்பைக் கழற்றினார், தேவைப்பட்டபோது தலைப்பாகை கட்டினார், முற்றம்வரை வீரர்களோடு போய் நின்றார். பூஜை நடக்கும் உள்ளறைக்குள் மட்டும் வர முடியாது என்றார். ஒரே தேவனைத் தவிர வேறு ஒருவரை வணங்கக் கூடாது என்ற கட்டளை அவருக்குத் தடையாக நின்றது. மேலதிகாரிகள் எடுத்துச் சொன்னார்கள். உள்ளே போவதால் விசுவாசம் கெடாது என்று ஒரு போதகரும் சொன்னார். அவர் அசையவில்லை. 2021 மார்ச்சில் ஓய்வூதியம், பணிக்கொடை எதுவும் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே 30 அன்று அந்த நீக்கத்தை உறுதி செய்தது. இது மதச் சுதந்திரம் பற்றிய கேள்வியே அல்ல, மேலதிகாரியின் சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்பது அதன் பார்வை. உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. ராணுவத்துக்கே பொருந்தாதவர் என்றது.

தீர்ப்பு வந்த பிறகு கிறிஸ்தவர்களிடையே இரண்டு விதமான பேச்சு எழுந்தது. தானியேலைப்போல நின்றார் என்றார்கள் சிலர். போதகரே போகலாம் என்ற பிறகு எதற்கு இந்தப் பிடிவாதம் என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது தரப்பு வெறும் சாமர்த்தியம் பேசவில்லை. அதன் கையிலும் வேதாகமம் இருக்கிறது. இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொள்கிறான். ஏற்றுக்கொண்ட கையோடு ஒரு சலுகையும் கேட்கிறான்: என் எஜமான் ரிம்மோன் கோயிலில் பணிந்துகொள்ள என் கையில் சாய்ந்துகொண்டு வரும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக. எலிசா தீர்க்கதரிசி அவனைக் கண்டிக்கவில்லை, சமாதானமாகவே அனுப்பிவைக்கிறார். சீருடை போட்டவனின் சங்கடம் அவ்வளவு பழையது.

நீதிமன்றங்களும் இந்த விஷயத்தில் எப்போதும் ஒரே தராசைத் தூக்கியதில்லை. 1985-ல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாட மட்டும் மறுத்தார்கள். பள்ளிக்கூடம் வெளியே அனுப்பியது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். அந்த நம்பிக்கை நீதிபதிக்கு நியாயமாகத் தெரிகிறதா என்பது பொருட்டல்ல, உண்மையாகக் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதே கேள்வி என்றது அந்தத் தீர்ப்பு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, போதகரின் கருத்தை வைத்து அதிகாரியின் மனசாட்சி அளக்கப்பட்டது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு இடம் தருகிறது என்பதும், ராணுவக் கட்டுப்பாடு பள்ளிக்கூடக் கட்டுப்பாட்டைப் போன்றதல்ல என்பதும் உண்மை. ஆனாலும், எல்லை எது என்பதை அடுத்தவர் தீர்மானித்துவிட்டால் அதற்கு மனசாட்சி என்று பெயர் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

டெல்லிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. காஷ்மீரி கேட் அருகில் 1836-ல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஜேம்ஸ் ஆலயம் இருக்கிறது. மஞ்சள் சுவர், பெரிய குவிமாடம். 1852-ல் அங்கே இருவர் ஞானஸ்நானம் பெற்றபோது நகரமே பேசியது. ஒருவர் சமன் லால் என்ற மருத்துவர். மற்றவர் டெல்லிக் கல்லூரியின் கணித ஆசிரியர் ராமச்சந்திரா. அவர் எழுதிய கணித நூலை லண்டனில் டி மார்கன் மறுபதிப்புச் செய்தார். ஞானஸ்நானம் கொடுத்தவர் மிட்ஜ்லி ஜான் ஜென்னிங்ஸ் என்ற பாதிரியார். ஐந்து ஆண்டுகள்தான் கழிந்தன. 1857 மே 11 அன்று மீரட்டிலிருந்து சிப்பாய்கள் யமுனைப் பாலத்தைக் கடந்து வந்தார்கள். ஜென்னிங்ஸ் செங்கோட்டையில் கொல்லப்பட்டார். சமன் லால் தரியாகஞ்சில் தம் மருந்தகத்து வாசலில் நின்றிருந்தபோது பிடிபட்டார். நீ யார் என்ற கேள்விக்குக் கிறிஸ்தவன் என்று பதில் சொன்ன இடத்திலேயே சுடப்பட்டார். அவருக்கான நினைவுப் பலகை அதே ஆலயத்துக்குள் இருக்கிறது.

பாப்டிஸ்ட் மிஷனின் உபதேசியார் வலாயத் அலி கதையும் அதே நாளில் முடிந்தது. இஸ்லாமியக் குடும்பத்திலிருந்து வந்தவர். குதிரை வீரர்கள் இஸ்லாமிய விசுவாச உறுதிமொழியான கலிமாவைச் சொல்லச் சொன்னார்கள், அவர் மறுத்தார், வெட்டப்பட்டார். அவர் மனைவி ஃபாத்திமா சொன்ன விவரத்தை ஷெரிங் 1859-ல் வெளியிட்ட நூல் பாதுகாத்திருக்கிறது. மிஷனரிகள் தொகுத்த புத்தகம் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தியாகிகளின் கடைசி வார்த்தைகள் அச்சுக்கு வரும்போது சற்று மெருகேறி வருவது எல்லா நாட்டிலும் உண்டு. கொல்லப்பட்டார் என்பதிலும், விலகியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்பதிலும் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆலயப் பலகைகளில் இடம்பெறாத ஒரு பெண்ணும் அந்த வாரத்து டெல்லியில் இருந்தார். திருமதி ஆல்ட்வெல். செங்கோட்டைக்குள் அடைக்கப்பட்ட ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் கைதிகளில் ஒருவர். தானும் தன் பிள்ளைகளும் காஷ்மீரத்து முஸ்லிம்கள் என்று சொன்னார். கலிமாவைக் கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். மே 16 அன்று மற்ற கைதிகளை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், சுமார் ஐம்பது பேரை, கோட்டைக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். ஆல்ட்வெல்லும் பிள்ளைகளும் பிழைத்தார்கள். 1858-ல் பகதூர் ஷா ஜாஃபர் மீது நடந்த விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறி இதையெல்லாம் அவரே சொன்னார். கலிமா சொல்லித் தப்பித்ததை மறைக்கவும் இல்லை, அதற்காக யாரும் அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றவும் இல்லை. பிள்ளைகள் உயிருக்காக ஒரு தாய் சொன்ன பொய்யை விசுவாசத் துரோகம் என்று எழுத மிஷனரிகளுக்கே கை வந்திருக்காது. வலாயத் அலியைப் புகழ்வதற்கு ஆல்ட்வெல்லை இகழ வேண்டிய அவசியமும் இல்லை.

ராமச்சந்திரா தப்பித்தார். மதம் மாறியதால் மனத்தாங்கல் கொண்டிருந்த இந்து உறவினர்களும் ஒரு பழைய வேலைக்காரருமே அவரை ஒளித்துக் காப்பாற்றினார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை நகரத்தைப் பிடித்த பிறகு திரும்பி வந்தார். அதன் பிறகு நடந்ததுதான் கசப்பானது: தெருவில் ஆங்கில அதிகாரிகள் அவரை அடித்தார்கள். நானும் கிறிஸ்தவன் என்று சொல்லிப் பார்த்தார், அவர் நிறம்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. இதை அவர் எழுத்துமூலம் முறையிட்டார். கிளர்ச்சிக்காரர்கள் விசுவாசத்துக்காகக் கொல்ல வந்தார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஒரே விசுவாசம் கொண்டவர்கள் தோலுக்காக அடிப்பதை எப்படிப் பொறுப்பது என்பதே அந்த முறையீட்டின் சாரம். விசுவாசத்தில் உறுதியாக நின்றவரை அந்த விசுவாசத்தின் சொந்தக்காரர்களாகத் தங்களைக் கருதியவர்களே உதைத்த கதை அது. அந்த நிறப் பேதம் டெல்லித் திருச்சபைக்குள் நெடுநாள் வாழ்ந்தது. 1881-ல் தொடங்கிய செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு 1906-ல் முதல்வர் பதவி காலியானபோது, இந்தியர் ஒருவர் தலைமை ஏற்றால் பெற்றோர் நம்ப மாட்டார்கள் என்று தயங்கியவர்களில் ஆயரும் ஒருவர். தனக்கு வந்த பதவியை சி. எஃப். ஆண்ட்ரூஸ் ஏற்க மறுத்து, சுசீல் குமார் ருத்ராவையே முதல்வராக்கும்படி வற்புறுத்தி வென்றார். டெல்லித் திருச்சபை தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட அரிய தருணங்களில் அதுவும் ஒன்று.

விட்டுக்கொடுத்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி மீதான மிகப் பழைய விவாதங்களில் ஒன்று ஆப்பிரிக்கக் கரையில் நடந்தது. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டீசியஸ் ஓர் ஆணை போட்டான். பேரரசில் உள்ள எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, செலுத்தியதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தின் மணலிலிருந்து அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் பல கிடைத்திருக்கின்றன. விண்ணப்பதாரரின் பெயர், ஊர், அதிகாரிகள் முன்னிலையில் பலியிட்டதாக வாசகம், கீழே கையெழுத்து. இன்றைய தாலுகா அலுவலகப் படிவத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் இரண்டு வகையினரும் சபை வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்று நோவாட்டியன் ரோமில் பிரிந்து போனார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் நடுவழி எடுத்தார். அவரே அந்த ஆண்டு தலைமறைவாக இருந்து பிழைத்தவர். அதற்காக ஏச்சும் வாங்கியவர். 251-ல் கூடிய ஆயர் மன்றம், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்களை மரணப் படுக்கையில்தான் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தது.

இலங்கையிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. டச்சுக்காரர்கள் ஆண்ட யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. உத்தியோகத்துக்கும் பதிவேட்டில் பெயர் ஏறவும் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. ஏராளமானோர் வெளியே ஒன்றும் வீட்டுக்குள் ஒன்றுமாக வாழ்ந்தார்கள். 1687-ல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் வந்த ஜோசப் வாஸ் அவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி சேர்த்தார். கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு நடந்தார், யார் பார்வை அதில் தங்குகிறதோ அவரே தன் ஆள் என்று கண்டுகொண்டார் என்பது வழிவழிச் செய்தி. வந்தவர்களிடம் அவர் வாளைக் காட்டவில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்டார்.

இன்றைய இந்தியாவில் சான்றிதழ் என்றாலே தலித் கிறிஸ்தவர்களுக்கு நினைவு வருவது 1950 ஆகஸ்ட் 10. அன்று கையெழுத்தான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். ஒவ்வோர் ஆகஸ்ட் 10-ம் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கறுப்பு நாள். ஜந்தர் மந்தரில் பதாகைகள் எழும்.

இதன் நடைமுறை விளைவு தமிழ்நாட்டுச் சேரிகளில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர். மதம் என்ற கட்டத்தில் இந்து என்று எழுதினால் எஸ்.சி.; கிறிஸ்தவர் என்று எழுதினால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியல். கல்லூரி இடம், வேலை, தனித்தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரு கட்டத்தில் தொங்குகின்றன. ஊருக்குள் சாதி இழிவு மட்டும் கட்டத்தைப் பார்த்து மாறுவதில்லை.

அரசு அலுவலர்கள் அந்தக் கட்டத்தைச் சோதிக்கும் விதமும் விசித்திரமானது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியில் பிறந்து கிறிஸ்தவரை மணந்த ஒரு பெண் மருத்துவரின் சாதிச் சான்றிதழ் ரத்தானது. ஆய்வுக்குப் போன அலுவலர்கள் அவர் மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்குவதைப் பார்த்திருந்தார்கள். கணவர், பிள்ளைகளோடு தேவாலயத்துக்குப் போவதாலோ சுவரில் சிலுவை மாட்டுவதாலோ ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டதாக ஆகாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் எதிர்ப்பக்கமாகப் போனது. எஸ்.சி. சான்றிதழ் கேட்ட அந்தப் புதுச்சேரிப் பெண் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். தொடர்ந்து தேவாலயத்துக்குப் போகிறவர் என்று விசாரணையில் தெரிந்தது. நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று நீதிபதிகள் பங்கஜ் மித்தலும் ஆர். மகாதேவனும் தீர்ப்பளித்தார்கள். ஒரே நபர் இருமுறை இரண்டு தீர்ப்பு பெற்றதும் உண்டு. 1949-ல் கிறிஸ்தவராகிப் பின்னர் திரும்பிய எஸ். ராஜகோபால், கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் 1967-ல் வென்றது செல்லாது என்ற உச்ச நீதிமன்றம், 1972-ல் வென்றது செல்லும் என்றது. இடையில் மாறியது அவர் மனம் அல்ல. அவரை ஆதி திராவிடர் சமூகம் மறுபடி ஏற்றுக்கொண்டதற்குக் கிடைத்த சாட்சியங்கள்தான்.

1985-ல் சூசை வழக்கில் இன்னொரு பக்கம் தெரிந்தது. சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை, தன் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த அரசு உதவி கிறிஸ்தவர் என்ற ஒரே காரணத்தால் தனக்குக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று மனு தள்ளுபடியானது. கட்டத்தில் உண்மையை எழுதிவிட்டு அதற்கு விலையும் கொடுத்த சூசையைப் போன்றவர்களுக்கு ஆலயங்களில் நினைவுப் பலகை வைப்பதில்லை.

சான்றிதழில் இந்து என்று எழுதிவிட்டு ஞாயிறு தோறும் முன் வரிசையில் உட்காருகிறவரை மறுதலித்தவர் என்று சொல்லலாமா? சில சபைகளில் அவர்களுக்குத் திருவிருந்து மறுப்பதில்லை, சபைக் கமிட்டியில் மட்டும் இடம் தருவதில்லை. பல போதகர்கள் எதையும் கேட்பதே இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த மௌனத்தில் கருணையும் உண்டு, சௌகரியமும் உண்டு. நாகமானுக்குக் கிடைத்த சமாதான வார்த்தை இவர்களுக்கு யாராலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை என்பதுதான் குறை. பொய் எழுத வைத்த ஆணையின் பொறுப்பையும் எழுதியவரின் பொறுப்பையும் பிரித்துப் பார்க்காமல் இவர்களைத் தீர்ப்பிடுவது அநியாயம்.

அதைவிடப் பெரிய அநியாயம், உறுதியை எப்போதும் எளியவரிடமே எதிர்பார்ப்பது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது டெல்லியில் பெரிய திருச்சபை அமைப்புகளின் தலைமை ஏறக்குறைய வாய்மூடியிருந்தது. 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் புல்டோசர்கள் வீடுகளை இடித்தன, கருத்தடை முகாம்களுக்கு ஆள் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் குரல் கொடுத்த சிலரில் மார்த்தோமா சபையின் மெத்ராப்போலீத்தா யூஹானோன் ஒருவர். கைது செய்யப்பட்டவர்களை விடுதலை செய்யக் கோரிப் பிரதமர் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். வயதும் நோயும் வந்திருந்த நேரம். 1976 செப்டம்பரில் காலமானார். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் தலைமை வகித்த எம். எம். தாமஸ் இன்னொருவர். சென்னையிலிருந்து வந்த ‘கார்டியன்’ வார இதழில் எழுதிக்கொண்டிருந்தவருக்குத் தணிக்கை கையைக் கட்டியது. அந்த மாதங்களில் எழுதியவை 1979-ல் டெல்லியிலிருந்து ஒரு நூலாக வெளிவந்தன. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வெளிநாட்டுப் பண அனுமதி என்று அரசிடம் கையேந்த வேண்டிய சொத்துகள் அதிகமாக இருந்த சபைகள் அதிகமாகப் பயந்தன. வலாயத் அலியிடம் உயிரைக் கேட்ட அதே நகரத்தில், இவர்கள் ஓர் அறிக்கை வெளியிடக்கூடத் துணியவில்லை.

நிறுவனங்கள் மனம் வருந்தவே வருந்தாது என்றும் சொல்லிவிட முடியாது. 2016 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர் பேரவை டெல்லியில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம், உயர் பொறுப்புகளில் தலித்துகள் மிகக் குறைவு என்று ஆயர்களே ஒப்புக்கொண்டார்கள். வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்கார வைத்த காலத்திலிருந்து கணக்குப் போட்டால் நூற்றாண்டுக்கு மேல் தாமதம். 1833-ல் ஆயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதியை உடனே விடச் சொன்னபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே எதிர்த்து நின்றார். சமூக வழக்கம் வேறு, விசுவாசம் வேறு என்பது அவர் வாதம். ரோமப் பேரரசின் வற்புறுத்தலை எதிர்த்து நின்ற சபை, பக்கத்து வீட்டுச் சாதிக்காரரின் வற்புறுத்தலுக்கு எளிதில் வளைந்தது.

ஆவணம் வந்த பிறகும் சாதியைப் பிரிக்கும் கல்லறைச் சுவர்கள் எல்லா ஊரிலும் இடியவில்லை. பொறுப்புகளில் எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பங்கில் தேர் எந்தத் தெருவுக்குள் போகிறது என்பதில்தான் அந்த வருத்தத்தின் எடை தெரியும். அந்தப் புதுச்சேரிப் பெண் கட்டத்தில் எழுதியதை மோசடி என்று சொல்ல நாட்டில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. ஆயரின் ஆவணத்தைத் தணிக்கை செய்ய ஒருவரும் இல்லை.

1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பத்தியை எதிர்த்த வழக்கு 2004 முதலே உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. இரண்டு ஆண்டு என்று தொடங்கிய காலக்கெடு திரும்பத் திரும்ப நீண்டது. அந்தப் பத்தி போனால், இரட்டைப் பெயரோடு வாழ்கிற பல குடும்பங்கள் ஒரே பெயருக்குத் திரும்பும். பலியிட்டவர்களைக் காக்க வைத்த அதே கார்த்தேஜ் மன்றம் 252-ல் தன் முடிவை மாற்றிக்கொண்டது: இன்னொரு துன்புறுத்தல் வரும்போல் இருக்கிறது, அதற்கு முன்பாகவே இவர்களுக்கு அப்பத்தைக் கொடுத்துவிடுவோம், மரணப் படுக்கைவரை காக்க வைக்க வேண்டாம் என்றது. டெல்லியின் ஆணையங்களும் வழக்குகளும் முடியும்வரை, சான்றிதழ்க்காரர்களைப் பற்றிப் பேசாமல் இருக்கச் சபைகளை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.